முந்நூறு மில்லிவோல்ட்

ஏப்ரல் 2

டிரான்ஸ்மிட்டர் எனக்கு! எனக்குத்தான்! தில்லை அக்கா லைவில் என் பெயரைச் சொன்னபோது ஆவாரம்பாளையம் ரோட்டில் மாவுப் பாக்கெட்டுகளோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். அப்படியே நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் என் பரம்பரையையே இழுத்தார். இழுக்கட்டும்.

தில்லைநாயகி அக்கா பெங்களூரில் வருடக்கணக்கில் சிப் வடிவமைத்தவர். வேலையை விட்டுவிட்டு அதையே தமிழில் சொல்லித்தரும் சேனல் நடத்துகிறார். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ, அதிலும் அரியர். டிரான்சிஸ்டர் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா வீடியோவில் பார்த்ததுதான். சிலவற்றை வசனம் மாதிரி மனப்பாடமாகச் சொல்வேன். இப்போது அக்கா எங்களைப் போன்ற ரசிகர்களைச் சேர்த்து ஒரு நிஜ சிப் செய்யப்போகிறார். பலர் பங்குபோட்டுக்கொள்ளும் சிலிக்கான் தட்டில் எங்களுக்குக் கடுகளவு இடம். கடுகில் என் கைவண்ணமும் இருக்கும்!

என் வேலை இதுதான். செய்தியை ஒரு கம்பியில் அனுப்பாமல் இரண்டு கம்பியில் எதிரெதிராக அனுப்ப வேண்டும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். வழியில் இரைச்சல் வந்தால் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும். வாங்குகிறவன் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். அனுப்புகிறவன் நான். வாங்குகிற ரிசீவரைச் செய்யப்போவது ஆம்பூரிலிருந்து இர்ஷாத் என்று ஒருவன்.

டிசைன் செய்கிறவர்கள் தினமும் இரண்டு வரி எழுத வேண்டும் என்று அக்கா சொன்னார். அதனால் இது.

ஏப்ரல் 5

இர்ஷாத்தோடு முதல் ஃபோன். இன்ஜினியரிங் கடைசி வருடம். குழுவில் என் பெயர் 'மில்லிவோல்ட் மாவு' என்பதால் எடுத்ததுமே, "டேய் மாவு, இட்லிக்கா தோசைக்கா?" என்றான். பிடித்துப்போயிற்று.

இரண்டு கம்பிக்கும் நடுவில் எத்தனை மில்லிவோல்ட் வித்தியாசம் வைப்பது என்று வெகுநேரம் பேசினோம். கூட வைத்தால் கரண்ட் தின்னும். குறைத்தால் அவன் ரிசீவருக்குக் கேட்காது.

"முந்நூறு மில்லிவோல்ட். அதுக்குக் கீழ வராத, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"எறங்க மாட்டேன். முந்நூறுதான்."

"வாக்கு?"

"வாக்கு."

பிறகு மெதுவாகச் சொன்னான். அக்காவின் தோழி பெங்களூரில் சின்ன சிப் கம்பெனி வைத்திருக்கிறார். இந்த இணைப்பில் யாருடைய பாதி நன்றாக வேலை செய்கிறதோ, அவருக்கு அக்கா சிபாரிசு செய்வார். ஒரே இடம். "எனக்குக் கெடைக்கலன்னா மாமு யூனிட்டுல ஷூவுக்குத் தோல் வெட்டப் போவணும். அப்பா வாக்கு குடுத்துட்டாரு. மாமு நல்லவருதான். ஆனா எனக்கு இதுதான்டா வேணும்."

எனக்கும் வேணும் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

ஏப்ரல் 11

கிரைண்டர்! கிரைண்டர்! கிரைண்டர்!

ஃபேக்டரியில் சிப் எப்போதும் வரைந்தபடியே வராது. சில நேரம் மந்தமாக வரும், சில நேரம் துடிப்பாக. வெயிலில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி. நடுவில் ஒரு நிலை, ஓரத்தில் நான்கு நிலை. ஓர நிலைகளைக் கார்னர் என்போம். எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். என் லேப்டாப்பில் ஒரு கார்னர் முடிய அரை நாள் ஆகும். பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. அம்மா கிரைண்டரைப் போட்டதும் வோல்டேஜ் ஒரு முங்கு முங்கும். லேப்டாப் படுத்துவிடும்.

"ஏம்மா, ஒரு மணி நேரம் கழிச்சுப் போட்டா ஆகாதா?"

"ஊறுன அரிசி உன்ற கம்ப்யூட்டருக்காவக் காத்துட்டு இருக்குமா அப்புனு? மாவு புளிச்சா உங்க தில்லை அக்காவா வந்து வாங்குவாங்க?"

ஆனாலும் ஐந்தையும் முடித்துவிட்டேன். முந்நூறில் ஐந்தும் பாஸ். அம்மா தூங்கிய மதியங்களுக்கு நன்றி.

ஏப்ரல் 14

புத்தாண்டு. பாயசம். மாவு இரண்டு மடங்கு விற்றது. வேறு எதுவும் ஓடவில்லை.

ஏப்ரல் 17

இதே தட்டில் புனேக்காரர்கள் குழு ஒன்றும் இடம் வாங்கியிருக்கிறது. அவர்கள் இணைப்பு எங்களுடையதைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓடுகிறதாம். அக்கா லைவில் சிரித்துக்கொண்டே, "நம்ம மாவு விட்ருவானா?" என்று கேட்டார். ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட் முழுக்க என் பெயர்!!

விட மாட்டேன்.

ஏப்ரல் 19

இர்ஷாத் தங்கைக்கு நிக்காஹ். அவன் நாளை மறுநாள்தான் வருவான். ஃபைலை மூட நாளை கடைசி நாள்.

ஒரு சின்ன மாற்றம் செய்தேன். டிரான்ஸ்மிட்டரின் கரண்ட்டைக் கொஞ்சம் இறக்கினேன். நடு நிலையில் ஓட்டிப் பார்த்தால் கண் திறந்திருக்கிறது. (வரும் சிக்னலையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் நடுவில் கண் வடிவில் இடைவெளி தெரியும். கண் திறந்திருந்தால் ரிசீவர் பிழைத்தது.) தூக்கக் கலக்கத்தில் இருக்கிற கண்தான். ஆனாலும் திறந்த கண்.

மற்ற நான்கையும் ஓட்ட உட்கார்ந்தேன். முதலாவது பாதி தாண்டியதும் அம்மா கிரைண்டரைப் போட்டுவிட்டார். இரண்டாவது முறையும் அதேதான். கரண்ட்டும் போய்விட்டது. நான் என்ன செய்ய?

ஐந்தில் ஒன்று சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். குழுவில் 'எல்லா கார்னரும் பாஸ்' என்று போட்டுவிட்டேன். பழைய ஐந்தும் பாஸ்தானே, அதனால் அது பொய்யும் இல்லை.

ஏப்ரல் 21

ஃபேக்டரிக்கு அனுப்பியாயிற்று! புனே காலி! என் மின்சாரச் செலவு எண்ணை அக்கா தனியாகக் கட்டம் கட்டிக் காட்டினார்.

இர்ஷாத் ஃபோன் செய்தான். "நிக்காஹ் பிரியாணிய உட்டுட்ட போ. ஆமா, எப்படிடா அவ்ளோ கொறச்ச?"

"லேஅவுட்ல சின்ன ட்ரிக்கு."

"பெரிய ஆளுடா நீ."

ஃபைல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கட்டும். நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை.

நவம்பர் 3

சிப் வந்துவிட்டது. அக்காவிடம் சிப் பொருத்திய ஒரு பலகை, இர்ஷாத்திடம் ஒரு பலகை. அவன் வீடியோவில் காட்டினான். நகத்தைவிடச் சின்னது! நான் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் காட்டியபோது, "இதுக்கா இத்தன நாளா என்ற கிரைண்டரத் திட்டுன?" என்றார்.

நவம்பர் 5

மெதுவாக அனுப்பினால் சரியாகப் போகிறது. வேகத்தைக் கூட்டினால் தப்பு விழுகிறது. ஆயிரத்துக்கு ஒன்று. வேலைக்கு ஆகாது. அக்காவின் பலகையிலும் அதே கதை.

இணைப்பு முழுக்கச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்க்க வெளியே ஒரு முனைகூட இல்லை. எங்கே கோளாறு என்று பார்க்க முடியாது.

என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பல காரணங்கள் இருக்கலாம்.

நவம்பர் 6

ராமலிங்கம் காலனியில் மூன்று வீட்டில் மாவு புளிப்பு என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வீட்டிலும் மன்னிப்புக் கேட்டேன். சுலபமாக வந்தது.

நவம்பர் 8

இர்ஷாத் பேசினான்.

"என் ரிசீவர்தான்டா. டிரான்சிஸ்டர ரொம்பச் சின்னதாப் போட்டுட்டேன் போல. அது முந்நூறு மில்லிவோல்ட்டக்கூட ஒழுங்கா எடுக்கல."

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது..."

"வேற எது? உன்னோடது எல்லா கார்னரும் பாஸாயிருக்கே. நீ வருத்தப்படாத. உன் உழைப்பையும் சேத்து நான் கெடுத்துட்டேன்."

அம்மா சாப்பிடக் கூப்பிட்டார் என்று ஃபோனை வைத்துவிட்டேன். அம்மா கூப்பிடவில்லை.

நவம்பர் 10

ஒரு யோசனை வந்தது. இதைச் சரிசெய்துவிட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை அல்லவா? பலகையில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது. எவ்வளவு கரண்ட் என்று என் டிரான்ஸ்மிட்டருக்குச் சொல்வது அதுதான். அதை மாற்றினால் சிப்புக்குள் குறைத்ததை வெளியிலிருந்தே ஏற்றிவிடலாம்.

குழுவில் எழுதினேன்: 'அந்த ரெசிஸ்டரை மூன்றில் ஒரு பங்காக்கிப் பாருங்கள்.'

சாயங்காலம் இர்ஷாத் சால்டரிங் வைத்து மாற்றினான். தப்பே இல்லை! ஒன்றுகூட இல்லை!

எல்லோரும் குதித்தார்கள். அக்கா, "மாவு, நீ மனுஷனே இல்லடா!" என்றார். இர்ஷாத் தனியாக எழுதினான்: 'காப்பாத்திட்டடா. உன்னை மறக்க மாட்டேன்.'

நான் சந்தோஷமாக இருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

நவம்பர் 11

நான் யோசிக்காமல் விட்ட ஒன்று.

டிரான்ஸ்மிட்டர் முந்நூறு அனுப்பியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இப்போது அது மூன்று மடங்கு கத்தினால்தான் ரிசீவருக்குக் கேட்கிறது என்றால், ரிசீவர் எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும்? சேலத்துப் பையன் ஒருவன் காதுக்குப் பின்னால் கை வைத்த சிப் படம் ஒன்றைப் போட்டு, 'செவிட்டு ரிசீவர்' என்று எழுதினான். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். போடாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். யாருக்கு, என்ன சந்தேகம் வரும்?

கொஞ்ச நேரத்தில் 'இர்ஷாத் குழுவிலிருந்து விலகினார்' என்று வந்தது.

நவம்பர் 12

அக்கா ஃபோன் செய்தார். பெங்களூர் இடம் எனக்கு.

"டிப்ளமோல அரியர்னு சொன்னேன். பரவால்ல, அந்த ரெசிஸ்டரச் சொன்ன பையனையே இண்டர்வியூவுக்கு அனுப்புன்னுட்டா என் ஃப்ரெண்டு. ஞாயித்துக்கிழமை லைவ்ல நீ எப்படி யோசிச்சேன்னு விளக்கணும், சரியா?"

"அக்கா, இர்ஷாத்..."

"பாவம்தான். ஆனா ரிசீவர் அப்படி இருக்கும்போது நான் எப்படிடா சொல்றது?"

அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு அழுதார். தெருவுக்கே சொல்லிவிட்டார். இன்று மாவு வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கூட.

நவம்பர் 13

ஆம்பூரிலிருந்து பார்சல். ஒரு ஜோடி கறுப்பு ஷூ. உள்ளே துண்டுச் சீட்டு: 'எடம் உனக்குத்தான்னு அன்னிக்கே தெரியும். இண்டர்வியூவுக்குச் செருப்புல போயிடாத மாவு. மாமு யூனிட்டுல தைச்சது. திங்கக்கிழமைலருந்து நானும் அங்கதான்.'

கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அம்மா எடுத்துத் துடைத்து அலமாரிமேல் வைத்திருக்கிறார். படுத்தால் கண்ணுக்கு நேராக இருக்கிறது.

நவம்பர் 14

ஏப்ரல் 19 அன்று எழுதியதைப் படித்தேன். 'கொஞ்சம் இறக்கினேன்.' எவ்வளவு என்று எழுதவில்லை. எனக்கு நானே எழுதியதில்கூட எண் இல்லை.

நூறு. முந்நூறிலிருந்து நூறு.

நவம்பர் 15

லைவ். எண்ணூறு பேர்.

அக்கா, "சொல்லு மாவு, எப்படி யோசிச்ச?" என்றார்.

"யோசிக்கலைங்க அக்கா. எனக்குத் தெரியும்."

ஃபைலைத் திறந்து ஸ்கிரீனில் காட்டினேன். இந்த இடத்தில் முந்நூறுக்கு வைத்திருந்தேன், கடைசி நேரத்தில் நூறாக்கினேன், கார்னர் ஓட்டாமலே பாஸ் என்று போட்டேன், ரிசீவரில் தப்பே இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

சாட்டில் இதயமாகக் கொட்டியது. 'என்ன நேர்மை!' 'தைரியம்!' 'தலைவா!' என்னைப் பின்தொடர்கிறவர்கள் அந்த நேரத்திலேயே நூறு பேர் கூடினார்கள். செவிட்டு ரிசீவர் படம் போட்டவனும் இதயம் போட்டான். சாட்டை மூடிவிட்டேன். ஏனென்றால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நன்றாக இருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "இதயம் போடறவங்க கொஞ்சம் நிறுத்துங்க. நவநீதன், இத இர்ஷாத்கிட்ட சொல்லிட்டியா?"

அக்கா என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை.

"இல்லீங்க அக்கா."

"ஊருக்கே சொல்லியிருக்க. அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. அவன் இங்க இல்லையேடா."

லைவை அணைத்துவிட்டார். பிறகு தனியாகப் பேசினார். "அந்த ஃபைல நானும்தான் தெறந்து பாக்கல. அது என் தப்பு, அத நான் பாத்துக்கறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் ஃப்ரெண்டு ஒரு பேரு கேக்கறா. இர்ஷாத் என் ஃபோன எடுக்க மாட்டேங்கறான். நீ என்ன பண்ணுவியோ தெரியாது."

என் ஃபோனையும் எடுக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. "அந்தப் பையன் தைச்சு அனுப்புன ஷூவத்தான் நானு தொடச்சு வெச்சனா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 16

காலை ரயில். ஜோலார்பேட்டையில் இறங்கி ஆம்பூருக்குப் பஸ். ஷூ பையில்.

யூனிட் வாசலில் தோலும் பசையும் கலந்த வாசனை. ஃபோனையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்களாம். சாப்பாட்டு நேரம் வரைக்கும் நின்றேன். விரலெல்லாம் பசை காய்ந்து, டிபன் பாக்ஸோடு ஒருவன் வந்தான். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"டேய்... மாவா நீ? இன்னாடா இவ்ளோ ஒல்லியா இருக்க! குரலக் கேட்டா குண்டா இருப்பேன்னு நெனச்சேன்."

கட்டிப்பிடித்தான். அவன் கையை விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். கை பாதியிலேயே விலகியது.

முடித்ததும் ஒன்றுதான் கேட்டான். "எவ்ளோ வச்ச?"

"நூறு."

"முந்நூறு பேசினோம்."

"ஆமா."

"நூறு." டிபன் பாக்ஸைத் தரையில் வைத்தான். உதடு எதையோ கணக்குப் போட்டது. "நூறுல கூட ஆயிரத்துக்கு ஒண்ணுதான் தப்பா எடுத்துது. அப்ப என் ரிசீவருக்கு நல்லாத்தான்டா கேட்டுது."

"ரொம்ப நல்லாக் கேட்டுச்சு."

"எங்க அப்பாகிட்ட நான் இன்னா சொன்னேன் தெரியுமா? எனக்கு இது வராதுப்பா, நீங்க சொன்னதுதான் சரின்னேன். அவரு திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. தலையத் தடவிக் குடுத்தாருடா." விரலில் காய்ந்த பசையைப் பிய்த்தான். "தினமும் என் டிசைனத் தெறந்து தெறந்து பாத்தேன். எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு. நீ அங்க ஒக்காந்துக்கினு சிரிப்புப் பொம்மை போடற."

பார்த்திருக்கிறான். விலகுவதற்கு முன் அதையும் பார்த்திருக்கிறான்.

மன்னிப்புக் கேட்டேன். ராமலிங்கம் காலனியில் வந்த மாதிரி வரவில்லை. அவன் அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அக்காவின் எண்ணைப் போட்டு ஃபோனை நீட்டினேன். "அந்த எடம் உனக்கு. சாயங்காலத்துக்குள்ள பேரு சொல்லணும்."

வாங்கவில்லை. "நீ குடுக்கறியா எனக்கு?"

"இல்ல. உன்னோடதுதான். நான்தான் எடுத்துட்டேன்."

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். அவன் நின்றான். பிறகு பசை விரலோடு ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி சுவரோரம் போய்ப் பேசினான். திரும்பி வந்து என் கையில் வைத்தபோது ஸ்கிரீன் முழுக்கப் பசை.

"புதங்கெழமை இண்டர்வியூ." என் காலைப் பார்த்தான். "ஷூ எங்க?"

"பையில."

"போடு."

"இர்ஷாத், வேண்டாம்..."

"போடுன்னேன். அதத் தைச்ச ஆளு உள்ள இருக்காரு. அவரு ஒண்ணும் தப்பு பண்ணல."

போட்டேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"மாவு."

"...இல்ல. குதிகால்ல கடிக்குது."

"அதச் சொல்றதுக்கு இன்னா உனக்கு?" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். பாக்ஸை அவன் திறக்கவே இல்லை.

நவம்பர் 18

குதிகாலில் தோல் உரிந்திருக்கிறது. அதோடுதான் வீடு வீடாக மாவு போட்டேன்.

இர்ஷாத்துக்கு இன்று இண்டர்வியூ. 'நல்லாப் பண்ணு' என்று அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. பதில் வரவில்லை. நான் எதிர்பார்க்கக் கூடாது.

மதியம் லேப்டாப்பைத் திறந்தேன். ஏப்ரலில் ஓட்டாமல் விட்ட நான்கையும் ஓட்டத் தொடங்கினேன், நூறிலேயே. யாரும் கேட்கவில்லை. சிப்புக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். ஊறிய அரிசியோடு, ஒன்றும் கேட்காமல், கிரைண்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாயும்போது முதலாவது முடிந்தது. கண் மூடியே இருந்தது. நடுவில் ஒரு கோடுகூட வெளிச்சமில்லை. அன்றைக்கே பார்த்திருக்க வேண்டியது. அப்படியே படம் எடுத்து, எண்ணையும் போட்டு, இர்ஷாத்துக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன்.

"ஆச்சா அப்புனு? போடட்டுமா?"

"இன்னும் மூணு இருக்குதும்மா."

அம்மா அரிசியை மோந்து பார்த்தார். "புளிச்சாப் புளிக்குது, ஓட்டு" என்றார்.